ஆம்பூர்த் தோலின் தரம் ஆட்டுப்பட்டியில் முடிவாகிறது

பாலாற்றங்கரைத் தோல் தொழிலைப் பற்றிய பேச்சு எப்போதும் கழிவுநீரில் தொடங்கிக் கழிவுநீரிலேயே முடிகிறது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதியென 1996இல் உச்ச நீதிமன்றம் அறிவித்த வழக்கு, நம் வட ஆற்காட்டுக் கிணறுகளையும் வயல்களையும் முன்வைத்து நடந்த வழக்குதான். ஆயினும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் இராணிப்பேட்டையிலும் பதனிடப்படும் தோலின் தரத்தில் பெரும்பகுதி, அது ஆலை வாசலுக்கு வருவதற்கு வெகு முன்பே ஆட்டுப்பட்டியில் தீர்மானமாகிவிடுகிறது என்பதை நாம் பேசுவதில்லை. கால்நடை இனவிருத்தி ஆராய்ச்சி, இறைச்சியின் எடையோடு தோலையும் கணக்கில் எடுத்தாக வேண்டும் என்பதே என் கருத்து.

உண்ணி கடித்த புள்ளியும், பேன் அரிப்பால் ஆடு மரத்தில் உரசிக்கொண்ட காயமும், சீமைக் கருவேல முள் கீறிய தழும்பும், அம்மை வடுவும் மயிர் இருக்கும் வரை எளிதில் புலப்படுவதில்லை. சுண்ணாம்பிட்டு மயிரை நீக்கிய பிறகுதான், சில வேளைகளில் தோலைப் பதனிடும் குரோமிய உப்பை ஏற்றிய பிறகுதான், அவை வெளிப்படுகின்றன. அதற்குள் அந்தத் தோல், அழுகாமல் இருப்பதற்காகத் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறையாத உப்பை வாங்கியிருக்கும். பதனிட்டு முடிப்பதற்குள் கிலோவுக்கு 30 முதல் 40 லிட்டர் வரை தண்ணீரும் செலவாகும். முதல் தரத் தோலுக்கும், வடு மறைய மேற்பூச்சுப் பூசி அடிமாட்டு விலைக்குத் தள்ளப்படும் தோலுக்கும் உப்பும் தண்ணீரும் ஒன்றேதான். ஆகவே பட்டியில் ஒழிக்கப்படும் உண்ணியும் பாலாற்றைக் காக்கும் வேலையில் சேர்ந்ததே என்று நான் சொன்னால் அது மிகையாகாது. ஆட்டம்மைத் தடுப்பூசிக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதும் இல்லை. 1932 முதல் கால்நடை மருந்துகள் தயாரித்துவரும் நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இராணிப்பேட்டையிலேயே இருக்கிறது.

இனத்துக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. சேலம், ஈரோடு பக்கத்து மேச்சேரி ஆட்டின் தோலுக்கு வணிகத்தில் தனிப் பெயர் இருப்பதற்குக் காரணம், அது கம்பளியில்லாத குட்டை மயிர் இனம் என்பதும், அதன் தோலில் நார் நெருக்கமாகப் பின்னியிருப்பதும்தான். கம்பளி ஆடுகளில் மயிர்க்கால்களும் கொழுப்புச் சுரப்பிகளும் அடர்ந்திருப்பதால் தோலின் மேலடுக்கும் கீழடுக்கும் ஒன்றோடொன்று இறுகப் பற்றுவதில்லை. நம் பக்கத்துச் சென்னைச் சிவப்பு ஆடும் கம்பளியற்ற இனமே. கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மேச்சேரி இனத்துக்குப் பொட்டனேரியிலும் சென்னைச் சிவப்புக்குக் காட்டுப்பாக்கத்திலும் கிடாத் தேர்வை நடத்திவருகிறது. அத்தேர்வில் முதன்மையான அளவுகோல் ஆறு மாத எடை. இறைச்சிக்கு அது சரியான அளவுகோல்தான். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எடையை மட்டும் துரத்திக்கொண்டே போனால் தோலின் இறுக்கம் தலைமுறைகளில் என்ன ஆகும் என்பதையும் உடன் அளந்துவர வேண்டும். உயிரோடு நிற்கும் கிடாவின் தோலைக் கிழித்துப் பார்க்க இயலாது என்பது உண்மையே. அதன் உடன்பிறப்புகளும் குட்டிகளும் அறுப்புக்குப் போகும்போது அவற்றின் தோலில் தடிமனையும் இழுவலிமையையும் கிழிதாங்கும் திறனையும் சோதித்து, அந்தக் கணக்கைக் கிடாவின் பேரில் எழுதலாம். பால் கறக்காத பொலிகாளையை அதன் மகள்களின் பாலைக் கொண்டு மதிப்பிடுவது இதே முறைதான். சோதனைக்குச் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.

கிராமத்தில் நடப்பதோ இதற்கு நேர்மாறானது. கே.வி.குப்பம் ஆட்டுச் சந்தையில் பக்ரீத்துக்கு முந்தைய வாரங்களில் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். வேகமாக வளர்ந்த, கொம்பும் காதும் கண்ணும் பழுதில்லாத கிடாதான் முதலில் விலைபோகும். குர்பானிக்கு ஊனமில்லாத ஆடு வேண்டும் என்பதால் வாங்குபவர் சுற்றிச் சுற்றிப் பார்த்து, அதற்கேற்ற விலையும் கொடுப்பார். விலைபோகாமல் பட்டியில் தங்கிய சவலைக் கிடாவே மறு பருவத்தில் பெட்டைகளோடு சேர்கிறது. அதே கிடா ஆண்டுக்கணக்கில் பட்டியில் நின்று தன் மகள்களையே சினைப்படுத்துவதும் உண்டு. கையில் காசு தேவைப்படும் வளர்ப்பவரை இதற்காகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்ல கிடாவை நிறுத்தி வைப்பதால் அவருக்கு ஏற்படும் இழப்பை ஈடுகட்டாமல், தரமான கிடாவை வைத்திருங்கள் என்று முகாம் போட்டுச் சொல்வதில் பயனில்லை.

தோலின் விலை வளர்ப்பவரை எட்டுவதே இல்லை என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் சிக்கல். சந்தையில் ஆடு உத்தேசக் கறி எடைக்கு விலைபேசப்படுகிறது. தோலில் வடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் விலை ஒன்றுதான். காதில் அடையாள வில்லை மாட்டிய ஆடாகவே இருந்தாலும், கறிக்கடையில் வில்லை தலையோடு ஒரு பக்கம் போக, தோல் பெயரில்லாமல் இன்னொரு பக்கம் போகிறது. எந்தப் பட்டியின் தோல் நன்றாக இருந்தது என்று ஆலைக்காரர் அறிய விரும்பினாலும் வழியில்லை. அறுக்கும் இடத்திலேயே வில்லை எண்ணைத் தோலின் ஓரத்தில் துளையிட்டுக் குறித்துவிட்டால், பதனிட்ட பின் கிடைக்கும் தரத்தை அந்தப் பட்டி வரைக்கும் பின்தொடரலாம். பழுதற்ற தோலுக்கு ஒரு சிறு ஊக்கத்தொகையை ஆலைகள் கூடிப் பேசி வளர்ப்பவரிடம் சேர்க்கலாம். தொடக்கத்தில் மாவட்டம் முழுவதும் வேண்டாம். ஆடு அறுக்கும் ஒரு நகராட்சி ஆட்டுத்தொட்டியையும் அதற்கு ஆடு தரும் சில ஊர்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு, பல்கலைக்கழகமும் தோல் ஆலைகளும் இரண்டு மூன்று ஆண்டுகள் இதைச் செய்து பார்க்கட்டும்.