கசேசே கோபால்ட்: ஜிப்சக் கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்

"பாக்டீரியா சுரங்கக் கழிவைத் தின்று உலோகம் தருகிறது, மாசே இல்லை" என்று பகிர்பவர்கள் உகாண்டாவின் கசேசே ஊரில் நடந்த கோபால்ட் திட்டத்தை ஒருமுறை படிக்க வேண்டும். அது உண்மையிலேயே நல்ல வேலை. அதனால்தான் அரைகுறையாகச் சொல்லக் கூடாது.

கிலெம்பே சுரங்கத்தில் தாமிரத்தை எடுத்துக்கொண்டு, மிஞ்சிய கோபால்ட் கலந்த பைரைட்டை (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) கசேசே அருகே கொட்டினார்கள். சுமார் 10 லட்சம் டன். மழையில் அமிலமும் உலோகமும் கரைந்து குயின் எலிசபெத் தேசியப் பூங்காவுக்குள் ஓடி, போன வழியெல்லாம் செடிகொடிகளைக் கருக்கின. அந்த அமிலத்தை வேகமாகப் பெருக்கியதே பாக்டீரியாதான். 1999இல், கோபால்ட்டைப் பிரித்தெடுக்க, அதே வேலையைத் தொட்டிக்குள் கொண்டுவந்து, சுமார் ஆறு நாளில் முடிய வைத்தார்கள்.

இந்தப் பாக்டீரியாக்கள் உலோகத்தைத் தின்பதில்லை. இரும்பு அயனியிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பறித்து, அந்த ஆற்றலில் வாழ்கின்றன. அப்படி உருவாகும் ஃபெரிக் இரும்புதான் பைரைட்டை உடைக்கிறது. கோபால்ட் பைரைட் படிகத்துக்குள்ளேயே இருப்பதால், படிகம் முழுக்கச் சிதைந்தால்தான் வெளியே வரும்.

அங்கிருந்த தொட்டி ஒவ்வொன்றும் 1,380 கன மீட்டர். பைரைட்டும் நீரும் கலந்த கூழில் திடப்பொருள் 20 சதவீதம், வெப்பம் 42 டிகிரி செல்சியஸ், பிஎச் (குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று காட்டும் அளவு) 1.4 முதல் 1.7. இந்த நிலை எதுவும் தன்னால் நீடிக்காது. ஒரு கிலோ பைரைட் முழுதாகக் கரைய ஏறத்தாழ ஒரு கிலோ ஆக்சிஜன் வேண்டும். அந்தச் சூட்டில் ஒரு லிட்டர் நீரில் சில மில்லிகிராம்தான் கரையும். அதனால் ஊதியும் கலக்கியும் ஓயாமல் ஓட வேண்டும். மின்செலவில் பெரும்பகுதி இதற்கே. கூழைக் கெட்டியாக்கி உற்பத்தியைக் கூட்டலாம் என்று நினைத்தால் காற்று கரையாது, உரசலில் செல்களும் சிதையும். வினையே சூட்டைக் கக்குவதால் குளிர்நீர்க் குழாய் நின்றால் பாக்டீரியாக் கூட்டம் மடியும். பிஎச் 2ஐத் தாண்டினால் ஜரோசைட் என்ற இரும்புப் படிவு பைரைட் துகளை மூடிவிடும். அமோனியம், பாஸ்பேட், பொட்டாசியம் உரமும் போட வேண்டும். பிஎச்சைப் பிடித்துவைக்கப் போடும் சுண்ணாம்புக்கல்லில் ஒரு நன்மை உண்டு: அதிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடுதான் இந்த உயிர்களுக்குக் கார்பன் உணவு.

இனி யாரும் சொல்லாத கணக்கு. ஒரு கிலோ பைரைட் தரும் அமிலம் முழுவதையும் அடக்க சுமார் 1.7 கிலோ சுண்ணாம்புக்கல் வேண்டும், கிடைப்பது 2.9 கிலோ ஜிப்சம், கூடவே இரும்புச் சேறு. அதாவது கழிவு எடையில் மூன்று மடங்குக்கு மேல் பெருகுகிறது. ஆனாலும் நான் இதை ஆதரிக்கிறேன். பைரைட் குவியல் பல தலைமுறைக்கு அமிலம் கசியும். ஜிப்சம் அமிலம் கக்காது. அடியில் நீர்கசியா விரிப்புப் போட்ட குளத்தில், சேற்றின் பிஎச் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அந்தக் குளத்துக்கான செலவைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதாத எந்த அறிக்கையையும் நம்பாதீர்கள்.

இன்னொன்று. கசேசேயில் கட்டுப்படியானதற்குக் காரணம் அந்தக் குவியலில் சுமார் 1.4 சதவீதம் கோபால்ட் இருந்தது. கிலெம்பே பள்ளத்தாக்கில் ந்யாம்வாம்பா ஆற்றோரம் கிடக்கும் பழைய கழிவு மணலில் அந்தச் செறிவு கிடையாது. வெள்ளம் வரும்போதெல்லாம் ஆறு அதை அரித்துக்கொண்டு போகிறது. அங்கே கரையைக் கட்டி, கழிவை மூடுவதுதான் முதல் வேலை. அதற்கு லாபம் வராது, அரசுதான் பணம் போட வேண்டும்.