டினா டர்னரை விமர்சகர்கள் கிழித்தார்களா?

'பிரைவேட் டான்சர்' ஆல்பத்தை 1984-ல் விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள், ரசிகர்கள்தான் தூக்கி நிறுத்தினார்கள், அதுவே அமெரிக்கப் பாடகி டினா டர்னரின் முதல் தனி ஆல்பம் என்று ஒரு பதிவு சுற்றுகிறது. இரண்டுமே தவறு. அமெரிக்க விமர்சகர்களிடம் வாக்கெடுத்து நியூயார்க் வார இதழான 'வில்லேஜ் வாய்ஸ்' வெளியிட்ட அந்த ஆண்டுப் பட்டியலில் அது முதல் 10-க்குள் வந்தது; 44 வயதில், சிந்தசைசர் சத்தத்துக்கு நடுவே அந்தக் கரகரத்த குரல் கொஞ்சமும் அமுங்காமல் 'லெட்ஸ் ஸ்டே டுகெதர்' பாடலை மெதுவாக ஆரம்பித்து மேலே ஏறுவதைக் கேட்டவர்கள் வேறென்ன எழுதியிருப்பார்கள்? 1985-ல் கிராமி விருதுகள் வேறு.

அப்புறம், 1974 முதல் 1979 வரை அவருடைய 4 தனி ஆல்பங்கள் வந்துவிட்டன. கடைசி இரண்டும் ('ரஃப்', 'லவ் எக்ஸ்ப்ளோஷன்') சரியாகப் போகவில்லை. 'பிரைவேட் டான்சர்' ஆல்பத்தில் வந்த 'வாட்ஸ் லவ் காட் டு டூ வித் இட்' பாட்டு முதலில் பிடிக்காமல் போனது அவருக்குத்தான், விமர்சகர்களுக்கு இல்லை.