வால்மீனை அனுப்புவது கரும்பொருளா?

சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியல் விழாவுக்கு ஆயத்தமாகும் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "டைனோசரை அழித்த வால்மீனை அனுப்பியது கரும்பொருள்" என்று மணிலா அட்டையில் எழுதிவிடாதீர்கள். கரும்பொருள் (dark matter) என்பது ஒளி தராத, ஈர்ப்பால் மட்டுமே புலப்படும் பொருள். புலனக் குழுக்களில் சுற்றும் கவர்ச்சியான வரிதான், ஆனால் கணக்கு இடிக்கிறது.

அந்தக் கணக்கை மாணவர்களே போடலாம். சூரியன் இருக்கும் பகுதியில் கரும்பொருளின் அடர்த்தி, கன மீட்டருக்குச் சுமார் 7×10⁻²² கிலோகிராம். நெப்டியூன் பாதையின் ஆரம் 4.5×10¹² மீட்டர். கோளத்தின் கன அளவைக் கண்டு பெருக்குங்கள்: 2.7×10¹⁷ கிலோகிராம் வரும். ஆயிரத்துச் சொச்சம் ஹாலி வால்மீன்கள், அவ்வளவுதான். சூரியனின் 2×10³⁰ கிலோகிராமுக்கு முன் அது எந்த மூலைக்கு? ஆரத்தைக் கிலோமீட்டரில் போட்டால் விடை நூறு கோடி மடங்கு பிசகும்; பெரும்பாலும் இங்கேதான் தவறு நேர்கிறது.

சூரியக் குடும்பத்தின் வெளி எல்லையில் வால்மீன்கள் நிறைந்திருக்கும் ஊர்ட் மேகத்தில் நிலைமை வேறு. 20,000 வானியல் அலகுக்கு (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்) அப்பால் சூரியனின் பிடி தளர்ந்து, பால்வீதித் தட்டின் ஓதவிசை, அதாவது இடத்துக்கு இடம் மாறும் ஈர்ப்பின் இழுப்பு, தலையெடுக்கிறது. அது வால்மீனின் பக்கவாட்டு வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பாதையைச் சூரியன் பக்கம் ஒடுக்கும். இந்த விசை, சுற்றியுள்ள பொருளின் அடர்த்தியைப் பொறுத்தது: கன பார்செக்குக்கு (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) ஏறக்குறைய 0.1 சூரிய நிறை. அதில் கரும்பொருள் 0.01 மட்டுமே. மீதி விண்மீன்களும் வளிமமும். ஆகவே "வால்மீனை உள்ளே தள்ளும் ஓதவிசையில் பத்தில் ஒரு பங்கு கரும்பொருளுடையது" என்று எழுதுங்கள். அது சரியான வாக்கியம், வியப்புக்கும் குறைவில்லை.

வியாழனும் சனியும் காவல் நிற்பதையும் விட்டுவிடாதீர்கள். மெதுவாக உள்ளே நகரும் வால்மீனை அவை வெளியே வீசிவிடும். ஒரே சுற்றில் அவற்றைத் தாண்டி வருவதுதான் நம் கண்ணுக்கு எட்டுகிறது.

2014-இல் இயற்பியலாளர்கள் லிசா ராண்டலும் மேத்யூ ரீசும் முன்வைத்தது வேறொரு கருத்து: பால்வீதியின் நடுத்தளத்தில் மெல்லிய கரும்பொருள் தட்டு ஒன்று இருந்தால், சூரியன் அதைக் கடக்கும்போதெல்லாம், ஏறக்குறைய 3.5 கோடி ஆண்டுக்கு ஒருமுறை, வால்மீன்கள் கூடுதலாக வரலாம். நல்ல ஊகம், சோதித்துப் பார்க்கக்கூடியது. சோதித்தும் பார்த்தார்கள். கையா விண்கலம் அளந்த விண்மீன் நகர்வுகள் அப்படியொரு தட்டுக்கு மிகக் குறுகிய இடமே விட்டன. டைனோசர் காலத்து மோதல் விட்டுச்சென்ற ருத்தேனியம் என்ற உலோகமோ 2024 ஆய்வில் வால்மீனைக் காட்டவில்லை, கரிமச் சிறுகோளையே காட்டியது.

ஊர்ட் மேகத்தை அட்டையில் அளவுப்படி வரைய முடியாது. பூமிக்கும் சூரியனுக்கும் இடையே 1 மில்லிமீட்டர் என்று வைத்தால் நெப்டியூன் 3 சென்டிமீட்டரில் இருக்கும், 50,000 வானியல் அலகு 50 மீட்டரில். பள்ளித் திடலில் கயிறு இழுத்துக் காட்டுங்கள்.