மணின்னு பேரு இருந்தா எல்லாரும் நம்மாளா?

எங்க அப்பா பேரு மணி. முழுப்பேரு சுப்ரமணி, ஆனா ரேஷன் கார்டுல ஒரு மாதிரி, வோட்டர் ஐடில ஒரு மாதிரி, கேஸ் புக்குல வெறும் மணி. எங்க தெருவுல மட்டும் டெய்லர் மணி, சைக்கிள் கடை மணி, லைன்மேன் மணி, நெட்டை மணின்னு நாலு பேரு, அப்பா வாத்தியார் மணி. யாருக்கும் இதுவரைக்கும் குழப்பம் வந்ததே இல்ல.

போன வாரம் பெரியப்பா குடும்ப குரூப்ல ஒரு ஃபார்வேர்டு போட்டிருந்தாரு. கிரீஸ்ல மணின்னு ஊரு, மெக்சிகோல மணின்னு ஊரு, தாய்லாந்து காட்டுல மணின்னு ஒரு கூட்டம், ஐஸ்லாந்துல மணின்னு நிலாக் கடவுள், இவ்வளவும் தமிழன் கப்பல்ல போய் வச்ச பேரு, படிச்சதும் பத்து பேருக்கு அனுப்புங்கன்னு. உடனே அத்தனை பேரும் நெருப்பு எமோஜி. எனக்கு மனசு கேக்கல, அதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

அந்த ஊருங்க எல்லாம் நிஜமாவே இருக்கு, பொய் இல்ல. பேரு ஒண்ணா ஒலிக்குதுங்கறதும் நிஜம். அதுக்கு மேல சொன்னது தான் தப்பு.

முதல்ல எங்க அப்பாவையே எடுத்துக்கங்க. மணிகண்டன்ல இருக்க மணி, மணிமேகலைல இருக்க மணி, இதெல்லாம் ரத்தினம்ங்கற மணி. ஆனா சுப்ரமணியன்ங்கறது சு, பிரம்மண்யன்னு பிரியற பேரு. அதுல ரத்தினமும் இல்ல, கோயில் மணியும் இல்ல, நாம கூப்பிட்டு கூப்பிட்டு வால மட்டும் வெட்டி எடுத்து மணின்னு ஆக்கிட்டோம். நெட்டை மணி அண்ணன் பேரு மணிகண்டன். அப்ப ஒரே தெருவுல, எதிரெதிர் வீட்டுல இருக்க ரெண்டு மணியே ஒரே சொல்லு கிடையாது! இதுல மெக்சிகோ யுகாட்டான்ல இருக்க ஊரை எப்படி சொந்தம் கொண்டாடறது?

ஐஸ்லாந்து விஷயம் இன்னும் அழகு. ஐஸ்லாந்து, நார்வே பக்கத்து பழைய நார்ஸ் கதைல மணிங்கறவன் நிலா, அவன் அக்கா தங்கச்சி யாரோ ஒருத்தி சூரியன், மனுஷங்க காலத்தை கணக்கு பண்றதுக்காக ரெண்டு பேரும் தினம் வானத்தை சுத்தறாங்கன்னு பழைய பாட்டுலயே இருக்கு. நம்மூர்லயும் மணின்னா நேரம். பாத்தா புல்லரிக்கும், எனக்கும் புல்லரிச்சுது. ஆனா நம்ம மணி நேரமா மாறுனது நேரத்தை மணி அடிச்சு சொன்னதால. அவங்க மணி வர்ற வேர் வேற, நிலாவையும் மாசத்தையும் குறிக்கிற ரொம்ப பழைய வேர். அதே வேர்ல இருந்து தான் சமஸ்கிருதத்துல மாஸம் வந்துச்சு, அது நம்மகிட்ட மாசம்னு வந்துச்சு. அப்ப ஐஸ்லாந்து நிலாவுக்கு நம்ம பேச்சுல தூரத்து சொந்தம் மணி கிடையாது, மாசம்! சம்பளம் வாங்கறப்பல்லாம் சொல்றோமே அந்த மாசம். ஃபார்வேர்டு எழுதுனவரு காதுல விழுந்ததோட நிறுத்திக்கிட்டாரு, கொஞ்சம் தோண்டியிருந்தா நிஜமான உறவே கிடைச்சிருக்கும்.

நிஜமா நம்ம மணியே தான்னு சொல்லக்கூடியது திபெத், லடாக் பக்கம் இருக்க மணிக் கல்லு. ஓம் மணி பத்மே ஹூம்னு செதுக்கி மலைப்பாதைல சுவரு மாதிரி அடுக்கி வச்சிருப்பாங்க, அதை வலதுகை பக்கமா விட்டு நடப்பாங்க. அது ரத்தினம்ங்கற அதே சொல்லு, பௌத்தத்தோட போனது. ஃபார்வேர்டுல இது இல்லவே இல்ல.

தாய்லாந்து தெக்குல ட்ராங், சத்துன் பக்கத்து மலைக்காட்டுல இருக்க மணிக் மக்கள் சில நூறு பேரு தான். அந்த சொல்லுக்கு அவங்க பாஷைல மனுஷங்கன்னு அர்த்தம். வாசனைக்குன்னே 15 வினைச்சொல் போல வச்சிருக்காங்கன்னு 2014ல ஆராய்ச்சி வந்துச்சு. நமக்கு கவுச்சி, வீச்சம், முடைன்னு இருக்கில்ல, அதை விட நுணுக்கமா. கிரீஸ் மணி வந்து அந்த நாட்டு நிலப்பரப்போட தெக்கு முனை, பங்காளிச் சண்டைக்கு பயந்து வீட்டையே கல்லு கோபுரமா கட்டுன ஊருங்க. அங்க பொம்பளைங்க செத்தவங்களுக்கு பாடற பாட்டுக்கு மிரோலோயின்னு பேரு. நம்ம ஒப்பாரி தான் ஞாபகம் வரும், ஆனா அது அவங்க ஒப்பாரி.

எனக்கு நிஜமா கோவம் வந்தது மெக்சிகோ மணியை அந்த லிஸ்டுல பாத்தப்ப தான். 1562 ஜூலை 12ல அந்த ஊர்ல டியேகோ டி லாண்டாங்கற ஸ்பானிஷ் பாதிரியார் அந்த மண்ணோட பூர்வகுடியான மாயா மக்களோட சாமி சிலைங்க, புத்தகங்க எல்லாத்தையும் குமிச்சு கொளுத்துனாரு. அந்த மக்கள் அதுக்காக எவ்ளோ துடிச்சாங்கன்னு அவரே எழுதி வச்சிருக்காரு. இன்னைக்கு உலகம் முழுக்க மிஞ்சி இருக்க மாயா புத்தகம் நாலே நாலு. கொடுமை என்னன்னா அதே ஆளு எழுதி வச்ச குறிப்பை பிடிச்சுக்கிட்டு தான் 1952ல யூரி க்னோரோசோவ்ங்கற சோவியத் ஆய்வாளர் மாயா எழுத்தை படிக்க வழி கண்டுபிடிச்சாரு. மணில இன்னைக்கும் மாயா பாஷை பேசறாங்க. புத்தகத்தை ஒருத்தன் எரிச்சான், மிச்சம் இருக்க ஊர்ப்பேரையும் நாம எங்களுதுன்னு சொன்னா அது என்ன நியாயம்? ஓலைச்சுவடிய ஆத்துலயும் அடுப்புலயும் விட்டுட்டு இன்னைக்கு வரைக்கும் அழற நமக்கு அந்த வலி தெரியணும்ல?

அந்த ஃபார்வேர்டுல விட்டுப்போன இன்னொரு மணியும் இருக்காரு, 216ல பாபிலோன் பக்கம் பிறந்து தனியா ஒரு மதமே ஆரம்பிச்சவரு, ஓவியரும் கூட. பாரசீக ராஜாவோட சிறைல செத்தாரு, ரோம்ல அவரு நூல்களையும் எரிக்கச் சொல்லி உத்தரவு போட்டாங்க. அவரு வாழ்க்கைய சொல்ற ஒரு கிரேக்க புத்தகம் ஜெர்மனில கொலோன் நகரத்துல இருக்கு, ஒரு பக்கம் 4.5 சென்டிமீட்டருக்கு 3.5, கிட்டத்தட்ட தீப்பெட்டி சைசு. சீனாவுல ஃபூஜியான் மாகாணத்து ஜின்ஜியாங் பக்கம் ஒரு கோயில்ல அவரு சிலைய இன்னும் புத்தர்னு கும்பிடறாங்க.

இதெல்லாம் கொஞ்சம் சுருக்கி குரூப்ல போட்டேன். சின்னம்மா பசங்க ரெண்டு பேரு நீ தமிழுக்கு எதிரியான்னு கேட்டாங்க. தமிழ் மேல ஆசை இருக்கறதால தான் எழுதறேன்டா, பொய் சொல்லி பெருமைப்பட வேண்டிய நிலைமைல நம்ம பாஷை இல்லன்னு மட்டும் சொல்லிட்டு விட்டுட்டேன்.

ராத்திரி பெரியப்பா போன் பண்ணாரு. திட்டப்போறாருன்னு நெனச்சேன். "ஏம்மா, மிச்சம் இருக்க அந்த நாலு புத்தகத்துல என்ன எழுதியிருக்கு"ன்னு கேட்டாரு. ஜெர்மனில ட்ரெஸ்டன்ல இருக்கறதுல வெள்ளி கிரகம் எப்ப தெரியும் எப்ப மறையும்னு கணக்கு, கிரகண கணக்கு எல்லாம் இருக்கு பெரியப்பான்னேன். "அப்ப பஞ்சாங்கம்மா அது"ன்னாரு. கொஞ்ச நேரம் பேசல. தாத்தா காலத்து பஞ்சாங்கம் ஒரு கட்டு பரண் மேல கிடக்கு, கரையான் ஏறியிருக்கும், ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக் குடுன்னாரு.