அழகாகத்தான் வந்திருக்கிறது, ஆனால் நான் செய்ததா அது?

போன வாரம் கணினியில் இடம் போதாமல் பழைய ஸ்கிரீன்ஷாட்டுகளை அழித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஃபோல்டர் முழுக்க, டவுன்ஸ்கேப்பர் என்ற ஊர் கட்டும் கேமின் படங்கள். கடல் நடுவே வண்ண வண்ண வீடுகள், வளைவுகள், படிக்கட்டுகள், கோபுரங்கள். இருநூறுக்கு மேல் இருக்கும். பாதி நான் கட்டியவை. மீதி, மற்றவர்கள் கட்டியதைப் பார்த்துப் பிடித்துப்போய் எடுத்து வைத்தவை. எது என்னுடையது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். ம்ஹூம்.

அதே கணினியில் இன்னொரு மூலையில், பிட்ஸி என்ற கேம் செய்யும் கருவியில் நான் செய்த ஒரு குட்டி கேம் கிடக்கிறது. மொத்தமே இரண்டு அறை. அதில் ஒரு பூனை இருக்கிறது. பார்த்த நண்பர் ஒருவர் "இந்த ஜாடி ஏன் பேசுது?" என்று கேட்டார். அவ்வளவு மோசமான பூனை. ஆனால் அதன் ஒவ்வொரு புள்ளியும் எனக்கு நினைவிருக்கிறது. இடது காதுக்கு ஒரு புள்ளி கூட வைப்பதா வேண்டாமா என்று அரைமணி நேரம் யோசித்தது உட்பட.

இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டவுன்ஸ்கேப்பருக்கு நியாயம் செய்துவிடுகிறேன். ஸ்வீடனைச் சேர்ந்த ஆஸ்கர் ஸ்டால்பெர்க் உருவாக்கியது. 2020-இல் முற்றுப்பெறாத நிலையில் விற்பனைக்கு வந்து, 2021-இல் முழுமையானது. கேம் என்று சொன்னாலும் அதில் பணம் இல்லை, எதிரி இல்லை, முடிக்க வேண்டிய வேலை என்று எதுவும் இல்லை. ஒரு நிறத்தை எடுத்துக் கடலில் க்ளிக் செய்தால் 'ப்ளொப்' என்ற சத்தத்துடன் ஒரு துண்டுத் தரை எழும். அதன்மேல் க்ளிக் செய்தால் வீடு. பக்கத்தில் இன்னொன்று வைத்தால் இரண்டும் சேர்ந்து ஒரே கூரைக்குள் வரும். நாலு பக்கமும் வீடு கட்டி நடுவில் இடம் விட்டால் அங்கே புல்லும் செடியுமாகத் தோட்டம் முளைக்கும். அடித்தளத்தை எடுத்துவிட்டால் வீடு விழாது, தூண்களை ஊன்றிக்கொண்டு நிற்கும். கூரையில் பறவைகள் வந்து உட்காரும். பக்கத்தில் க்ளிக் செய்தால் பறந்துவிடும்.

முதல் நாள் இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன். எனக்குப் படம் வரையத் தெரியாது. பள்ளியில் ஓவிய வகுப்பில் ஆப்பிள் வரைந்தால் ஆசிரியர் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார். அப்படிப்பட்டவன் கையில் இருந்து ஒரு துறைமுக நகரம் வருகிறது என்றால் எப்படி இருக்கும்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். டவுன்ஸ்கேப்பரில் கூடமே கோணல்தான். தரையின் கட்டங்கள் சதுரமாக இல்லாமல் வளைந்து நெளிந்து கிடக்கும். அதனால் எதைக் கட்டினாலும், காலம் காலமாக மனிதர்கள் இடுக்கில் வீடு கட்டி வாழ்ந்த பழைய ஊர் போல ஆகிவிடுகிறது. நேர்கோட்டில் போகத் தெரியாதவனின் குறையைத் தரையே மறைத்துவிடுகிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்று பின்னால்தான் படித்தேன். ஒவ்வொரு கட்டமும் தன் அக்கம்பக்கத்தைப் பார்க்கிறது. இங்கே சுவர் வந்தால் அங்கே என்ன பொருந்தும், கூரை வந்தால் எது பொருந்தாது என்று பொருந்தாதவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து மிச்சமிருப்பதை வைக்கிறது. சுடோகு போடுகிறவர்களுக்கு இந்த மாதிரிக் கழித்தல் பழக்கமாக இருக்கும். மாக்சிம் கூமின் என்பவர் 2016-இல் வெளியிட்ட 'வேவ் ஃபங்ஷன் கொலாப்ஸ்' என்ற முறைதான் இதற்கு அடிப்படை. அங்கே பொருந்தக்கூடிய கதவு, ஜன்னல், வளைவு எல்லாவற்றையும் டெவலப்பர் முன்கூட்டியே வடிவமைத்து வைத்திருக்கிறார். நான் க்ளிக் செய்கிறேன். முடிவெடுப்பது அவர் எழுதிய விதிகள். அதாவது என் ஃபோல்டரில் இருந்த இருநூறு படங்களும் ஒருவகையில் ஸ்டால்பெர்க் வரைந்தவை. நான் எங்கே என்று மட்டும் சுட்டிக்காட்டியிருக்கிறேன். அடையாளம் தெரியாமல் போனதில் ஆச்சரியமே இல்லை.

டைனி க்ளேடு என்ற கேமும் இதே குடும்பம்தான். இரண்டே பேர் சேர்ந்து செய்து 2024 செப்டம்பரில் வெளியிட்டது. சுவரை இழுத்து நீட்டலாம், கூரையைப் பிடித்து உயர்த்தலாம். சுவரின் குறுக்கே ஒரு பாதை போட்டால் அந்த இடத்தில் வாசல் தானாகத் திறந்துகொள்ளும். அந்த வாசல் முதல்முறை திறந்தபோது நான் வாய்விட்டே சிரித்துவிட்டேன். ஆட்டுக்குட்டிகளைத் தடவிக்கொடுக்கலாம் என்பது கூடுதல் செய்தி. அதிலும் நான் கட்டிய குடிசை எது என்று இப்போது கேட்டால் சொல்ல முடியாது.

சரி, பிட்ஸிக்கு வருவோம்.

ஆடம் லெ டூ என்பவர் செய்த இலவசக் கருவி. பிரவுசரிலேயே ஓடும். ஓர் உருவத்துக்கு எட்டுக்கு எட்டு, 64 புள்ளி. ஓர் அறைக்குப் பதினாறுக்குப் பதினாறு கட்டம். ஒரு நேரத்தில் மூன்று நிறம். அசைவு வேண்டுமா? இரண்டு படம் வரைந்துகொள்ளலாம், மாறி மாறிக் காட்டும். அவ்வளவுதான். திறந்தவுடனே முன்மாதிரியாக ஒரு பூனை நின்றுகொண்டு தான் பூனை என்று சொல்லும், பக்கத்தில் ஒரு கோப்பைத் தேநீர் இருக்கும். முடித்ததும் முழு கேமும் ஒரே வலைப்பக்கக் கோப்பாகக் கைக்கு வரும். யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பிவிடலாம்.

இது எனக்கு ஓர் உதவியும் செய்யவில்லை. நான் வரைந்த பூனை ஜாடி போல இருந்தால் ஜாடி போலவே நிற்கும். எந்த விதியும் ஓடி வந்து அதற்குக் காது வைத்துவிடாது. ஆனால் 64 புள்ளிக்குள் உலகத்தில் யாராக இருந்தாலும் பெரிதாக ஒன்றும் கிழித்துவிட முடியாது என்பது ஒரு பெரிய ஆறுதல். நல்ல ஓவியர் வரைந்த பூனைக்கும் என் பூனைக்கும் பத்துப் புள்ளிதான் வித்தியாசம். அந்தத் தைரியத்தில்தான் அரைமணி நேரம் காதைப் பற்றி யோசித்தேன். வெற்று ஓவியத் தாளை நீட்டியிருந்தால் அந்த நிமிடமே எழுந்து போயிருப்பேன்.

படைப்புக் கருவி உள்ள கேம்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் "இதில் என்னவெல்லாம் செய்யலாம்" என்று பட்டியல் போடுகிறார்கள். நான் வேறு ஒன்றைப் பார்க்கிறேன். எதுவும் தெரியாத ஒருவன் மோசமாகச் செய்தால் அதை அந்தக் கருவி என்ன செய்கிறது? டவுன்ஸ்கேப்பர் அதை அழகாக்கி மறைக்கிறது. பிட்ஸி அப்படியே விட்டுவிடுகிறது, ஆனால் அவமானப்படுத்துவதில்லை. பெரிய கேம்களைச் செய்யப் பயன்படும் கேம் எஞ்சின்கள் அவமானப்படுத்தும். ஒரு நாற்காலியை நிற்க வைப்பதற்குள் நாலு காணொளி பார்க்க வேண்டியிருந்தது எனக்கு. நாற்காலி தரைக்குள் புதைந்தது.

பிகோ-8 இந்த விஷயத்தில் ஒரு நல்ல நடுவழி. ஜோசஃப் வைட் உருவாக்கியது. நிஜத்தில் இல்லவே இல்லாத ஒரு பழைய கேம் இயந்திரத்தைக் கற்பனை செய்து, அதைக் கணினிக்குள் கட்டியிருக்கிறார். 128-க்கு 128 திரை, 16 நிறம், 32 கிலோபைட்டுக்குள் எல்லாம் அடங்க வேண்டும். நிரலும் படமும் இசையும் அதற்குள்ளேயே செய்துகொள்ளலாம். எனக்கு அதில் மிகவும் பிடித்தது, மற்றவர்களுடைய கேமை விளையாடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி அதன் நிரலைத் திறந்து பார்க்கலாம் என்பதுதான். குதிப்பது ஏன் இவ்வளவு சுகமாக இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் போய் அந்த எண்ணை மாற்றிப் பார்க்கலாம். கெட்டுப்போகும். அப்போதுதான் புரியும். செலஸ்ட் என்று பலரும் கொண்டாடும் 2018 கேமின் முதல் வடிவம், மேடி தோர்சனும் நோயல் பெர்ரியும் பிகோ-8-இல் நான்கே நாளில் செய்தது. பெரிய கேமுக்குள்ளேயும் அந்தக் குட்டி வடிவத்தை ஓர் இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். தேடிக் கண்டுபிடியுங்கள், இடம் சொல்ல மாட்டேன்.

புதிர் பிடிக்கும் என்றால் பஸில்ஸ்கிரிப்ட். ஸ்டீஃபன் லவெல் 2013-இல் வெளியிட்ட இலவசக் கருவி. உருவத்துக்கு ஐந்துக்கு ஐந்து புள்ளிதான், பிட்ஸியே பெரிய மாளிகை என்று தோன்றும். ஆள் பெட்டியை நோக்கி நகர்ந்தால் பெட்டியும் நகரும் என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும், 1982-இல் வந்த பெட்டி தள்ளும் புதிர் கேமான சோகோபானின் அச்சாணி தயார். அந்த வரியில் குறிகளைத் திருப்பிப் போட்டுத் தள்ளுவதற்குப் பதில் இழுக்க வைத்தால் முற்றிலும் வேறு கேம். நான் தெரியாமல் குறிகளை மாற்றிப் போட்டுத்தான் இதைக் கண்டுபிடித்தேன்.

நாமே லெவல் செய்துகொள்ளும் எடிட்டர் சேர்த்திருக்கிறோம் என்று பின்னால் அறிவிக்கும் கேம்கள் தனி ரகம். கேமோடு எடிட்டர் கொடுப்பது புதிய வழக்கமும் இல்லை. 1983-இல் வந்த லோட் ரன்னரிலேயே லெவல் எடிட்டர் இருந்தது. பெரும்பாலும் இவற்றைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவேன். ஒரு விதிவிலக்கு, பாபா இஸ் யூ. ஃபின்லாந்தைச் சேர்ந்த ஆர்வி டெய்காரி செய்த புதிர் கேம், 2019-இல் வந்தது. கேமின் விதிகளே சொற்களாகத் தரையில் கிடக்கும், அவற்றைத் தள்ளி விதியை மாற்றலாம். 2021-இல் எடிட்டர் வந்ததும் நானும் ஒரு லெவல் செய்தேன். மூன்று மாலை வேலை. நான் நினைத்த வழியில் போனால் முப்பது படி, நடுவில் ஓர் அபாரமான திருப்பம். நண்பருக்கு அனுப்பினேன். அவர் 'சுவர் என்பது தடை' என்று கிடந்த விதியில் சுவரை மட்டும் ஓரமாகத் தள்ளிவிட்டு, சுவருக்குள்ளேயே நேராக நடந்து போய் இலக்கான கொடியைத் தொட்டுவிட்டார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அபாரமான திருப்பம் அனாதையாக ஓரத்தில் நின்றது.

அன்றைக்குத்தான், அந்த கேமில் நான் முன்னர் அலட்சியமாகக் கடந்துபோன லெவல்களை எல்லாம் திரும்பிப் போய்ப் பார்த்தேன். மூலையில் டெய்காரி ஏன் ஒரு சொல்லை நகர்த்த முடியாதபடி ஒட்டி வைத்திருக்கிறார், அந்த ஒற்றைக் கட்ட இடைவெளி எதற்கு என்று அப்போதுதான் கண்ணில் பட்டது. நூறு மணி நேரம் விளையாடியபோது தெரியாதது, மோசமான ஒரு லெவல் செய்து மூக்குடைபட்ட பிறகு தெரிந்தது.

மூக்குடைபடுவதையே இன்பமாக்கிய கேம்களும் உண்டு. பெசீஜில் முற்றுகை இயந்திரம் கட்டினால் கிளம்பும்போதே சக்கரம் கழன்று ஒரு பக்கம் ஓடும், தன் கவண்கல் தன் தலையிலேயே விழும். கோட்டையை இடித்ததைவிட இடிந்துபோன என் வண்டிகள்தான் நினைவில் நிற்கின்றன. இயந்திரம் கட்டிப் புதிரை விடுவிக்கும் ஓபஸ் மேக்னமில் வேறு மாதிரி. இயந்திரம் எவ்வளவு அசிங்கமாகச் சுற்றினாலும் வேலை முடிந்தால் முடிந்ததுதான். பிறகு செலவு, நேரம், இடம் மூன்றிலும் மற்றவர்கள் எங்கே, நீ எங்கே என்று ஒரு வரைபடம் காட்டும். கூடவே அந்த இயந்திரத்தை ஓடும் படமாகச் சேமித்துப் பகிரும் வசதி. அந்த வரைபடம் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்கும். ஆனால் அந்த இயந்திரம் என்னுடையது என்பதில் சந்தேகமே வராது, வேறு யாரும் அவ்வளவு சுற்றி வளைத்து மூக்கைத் தொட மாட்டார்கள்.

இந்த கேம்களுக்கு வரும் ரிவ்யூக்களைப் படித்தால் ஒரே பாட்டு: "இலக்கே இல்லை", "இரண்டு மணி நேரத்தில் போரடித்துவிட்டது". கேம் விற்கும் தளமான ஸ்டீமில் ஒவ்வொரு ரிவ்யூவுக்கு மேலும் எத்தனை மணி நேரம் விளையாடினார் என்ற எண் நிற்கிறது, கண் முதலில் அங்கேதான் போகிறது. பிட்ஸி மாதிரியான ஒன்றுக்கு அந்த எண்ணால் என்ன பயன்? மவுஸைத் தொடாமல் காதைப் பற்றி யோசித்த அரைமணி நேரம் கணக்கில் எப்படி வரும்? அதே சமயம் டவுன்ஸ்கேப்பர் போரடிக்கிறது என்று சொல்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. இலக்கு இல்லாததால் போரடிக்கிறது என்று அவர் நினைக்கிறார். தவறு செய்ய வழியே இல்லாததால் போரடிக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

டவுன்ஸ்கேப்பரை இப்போதும் திறக்கிறேன், தலைவலி நாட்களில். யாரோ ஒருவருடைய நல்ல ரசனைக்குள் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவது போல. எதையும் சேமிப்பதில்லை. அந்த இருநூறு படங்களையும் கடைசியில் மொத்தமாக அழித்துவிட்டேன்.

ஜாடிப் பூனையை நேற்று மறுபடி திறந்தேன். காதுக்கு அந்த ஒரு புள்ளியை வைத்துப் பார்த்தேன். இப்போது மூக்குள்ள ஜாடி போல இருக்கிறது. எடுத்துவிட்டேன். மூன்றாவது அறைக்குச் சுவர் போட்டாகிவிட்டது, கதவை எங்கே வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.