லைனில் நிற்கிறவனை விற்றுவிட்டு மஹோம்ஸை யார் காப்பாற்றுவது?

அமெரிக்கக் கால்பந்தில் என் அணி கான்சஸ் சிட்டி சீஃப்ஸ். அதில் பந்தை வீசுபவர் மஹோம்ஸ், எதிரணி அவர் மேல் பாயாமல் தடுத்து நிற்கும் வரிசைதான் லைன். அந்த லைனில் 'கார்டு' (guard) என்ற இடத்தில் நின்ற ஜோ தூனியை இந்த 2025 மார்ச்சில் சிகாகோ அணிக்கு அனுப்பிவிட்டார்கள். பதிலுக்குக் கிடைத்தது 2026 டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) ஒரு நான்காவது சுற்றுத் தேர்வு. இதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் "ஒரு கார்டுதானே, யாரை நிறுத்தினாலும் நிற்பான்" என்று ஒருவர் எழுத, அதற்கு அத்தனை பேர் லைக் போட்டிருப்பதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

யாரை நிறுத்தினாலும் நிற்பானா? பிப்ரவரி 9 அன்று நியூ ஆர்லியன்ஸில் சூப்பர் பவுல் இறுதிப்போட்டியில் நடந்ததை எல்லோரும்தானே பார்த்தோம்? எதிரணியான ஈகிள்ஸ் ஒரு தடவைகூட பிளிட்ஸ் (பின்னால் நிற்பவர்களையும் சேர்த்துப் பாயவிடுவது) அனுப்பவில்லை. முன்வரிசை ஆட்களை மட்டும் வைத்தே மஹோம்ஸை ஆறு முறை தரையில் சாய்த்தார்கள். முதல் பாதி முழுக்க சீஃப்ஸ் எடுத்தது 23 யார்டு. இடைவேளையில் 24-0 என்று பின்தங்கியிருந்தார்கள். கடைசியில் 40-22 என்று முடிந்ததைக் காட்டி யாரும் சமாதானம் சொல்ல வராதீர்கள்.

"அந்த மேட்ச்சில் தூனியும் சரியாக ஆடவில்லையே" என்பார்கள். ஆமாம், ஆடவில்லை. அவர் எங்கே நின்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் இடது கார்டு. லைனின் இடது ஓரத்தில் நிற்கும் லெஃப்ட் டேக்கிள் இடத்துக்கு சுவாமடாயாவை நம்பி சீசனைத் தொடங்கினார்கள், இரண்டாவது வாரமே உட்கார வைத்தார்கள். மாரிஸை நிறுத்தினார்கள், சரிவரவில்லை. ஹம்ஃப்ரீஸைக் கூட்டிவந்தார்கள், ஒரே மேட்ச்சில் தொடைத் தசை போனது. டிசம்பர் நடுவில் வேறு ஆளே இல்லாமல் தூனியை லெஃப்ட் டேக்கிளுக்கு நகர்த்தினார்கள். நிர்வாகம் நிரப்பாமல் விட்ட இடத்தில் அந்த மனிதர் தன் உடம்பைக் கொண்டுபோய் நிறுத்தினார். அணி சூப்பர் பவுல் வரை போனது. அடுத்த மாதமே அவரை விற்றுவிட்டார்கள்.

அப்புறம் சேலரி கேப் (வீரர்கள் சம்பளத்துக்கான உச்சவரம்பு) வாதம். 16 மில்லியன் டாலர் மிச்சம் என்கிறார்கள். கேப் எனக்கும் தெரியும். இன்னொரு கார்டான ட்ரே ஸ்மித்துக்கு 2025-க்கு பிரான்சைஸ் டேக் (ஒரு வருடத்துக்குப் பிடித்துவைக்கும் ஒப்பந்தம்) போட்டதில் 23 மில்லியனுக்கு மேல் போனது. ஆறாவது சுற்றில் எடுத்து வளர்த்த பையன், அவனை வைத்துக்கொண்டது சரிதான். ஆனால் மிச்சம் பிடித்த பணம் எங்கே போனது? லெஃப்ட் டேக்கிளாக நிற்க ஜேலன் மூருக்கு இரண்டு வருடத்துக்கு 30 மில்லியன். சான் பிரான்சிஸ்கோவில் நான்கு வருடமும் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராக இருந்தவர். அவர் நன்றாக ஆடினால் சந்தோஷப்படும் முதல் ஆள் நான்தான். ஆனால் இரண்டு வருடம் தொடர்ந்து ஆல் ப்ரோ (லீக்கின் சிறந்த வீரர்கள் பட்டியல்) முதல் அணியில் இடம்பிடித்தவரை விட்டுவிட்டு, இன்னும் நிரூபிக்காதவரிடம் மஹோம்ஸின் முதுகுப் பக்கத்தை ஒப்படைக்கிறார்கள். இதற்குப் பெயர் திட்டமா?

வயது 32 என்பவர்களுக்கு ஒரே பதில்: காயமில்லாத 32.

"2021-லும் டேக்கிள்களான ஃபிஷரையும் ஷ்வார்ட்ஸையும் ஒரே நாளில் கழற்றிவிட்டார்கள், நல்லதுதானே நடந்தது?" என்ற கேள்வியை மதிக்கிறேன். அந்த பிப்ரவரியில் சூப்பர் பவுலில் டாம்பா பே அணியிடம் 31-9 என்று தோற்றபோது, பந்தை வீசுவதற்கு முன்னால் மஹோம்ஸ் ஓடித் திரிந்த தூரம் மட்டும் 497 யார்டு. ஆனால் ஃபிஷருக்குக் குதிகால் தசைநாண் அறுந்திருந்தது, ஷ்வார்ட்ஸுக்கு முதுகுக் காயம். அவர்கள் போனதும் முதல் வேலையாக 80 மில்லியனுக்கு ஒரு கார்டைக் கூட்டிவந்தார்கள். யாரை? இதே தூனியை! அந்த வருட டிராஃப்டில் லைனுக்கு கிரீட் ஹம்ஃப்ரியும் ட்ரே ஸ்மித்தும் வந்தார்கள். லைனை முதலில் கட்டினார்கள், பிறகு இரண்டு கோப்பை வந்தது. இது வேறு ஓர் அணியின் கதையா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டால், நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருவர் இருந்தார். ராத்திரி ஓடும் வேலைகள் எல்லாம் அவர் கையில். எதுவும் உடையாததால் அவர் என்ன செய்கிறார் என்று மேலே யாருக்கும் தெரியாது. செலவுக் குறைப்பு என்று வந்ததும் முதலில் அவரைத்தான் அனுப்பினார்கள். அதன் பிறகு வாரக்கணக்கில் நாங்கள் தூங்கவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புகூட யாரும் கேட்கவில்லை. லைன்மேன் பிழைப்பும் அப்படித்தான். எதிராளியைப் பிடித்து இழுத்து ஹோல்டிங் பெனால்டி வாங்கினால்தான் நடுவரின் மைக்கில் அவன் நம்பர் வரும். அறுபது ஸ்னாப் (ஒவ்வொரு முறை பந்து ஆட்டத்துக்கு வருவது) ஒழுங்காக நின்றால் ஒரு ரீப்ளேகூட கிடையாது. பிறகு "யாரை நிறுத்தினாலும் நிற்பான்" என்று எழுதுகிறீர்கள். எழுத மனசு எப்படி வருகிறது?

தமிழில் எதற்கு அமெரிக்கக் கால்பந்து என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. இந்த ஊரில் குடியிருக்கிறேன், இது என் அணி.

சரி, போனது போகட்டும். இதை எழுதும்போது 2025 ஏப்ரல் டிராஃப்டின் 31-வது தேர்வு கையில் இருக்கிறது. அதில் டேக்கிள் எடுங்கள். மூருக்குப் போட்டியாக ஓர் ஆள் இருக்கட்டும். சுவாமடாயாவை இடது கார்டாக மாற்றுவதென்றால் பயிற்சி முகாமின் முதல் நாளிலிருந்தே அங்கே நிறுத்துங்கள். டிசம்பரில் ஆளை நகர்த்தும் கதை மறுபடி வேண்டாம். பந்தைப் பிடிக்க இன்னொரு வேகமான ரிசீவரை எடுத்துவிட்டு, "மஹோம்ஸ் எப்படியும் சமாளிப்பார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவருக்கு 2025 செப்டம்பரில் 30 வயது ஆகிறது. எத்தனை வருடம்தான் அவரே ஓடிச் சமாளிப்பார்?