நீ பண்ணா கற்பனை, கோப்ளின் பண்ணா ரூல் மீறலா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கிறது ஆளுக்கொரு கேரக்டரா மாறி, பகடை உருட்டி ஆடுற கதை விளையாட்டு. அதுல கதைய நடத்தி, எதிரிங்கள ஆட்டுவிச்சு, தீர்ப்பு சொல்றவர்தான் டிஎம். டிஎம்மா உட்கார்ந்த எல்லாருக்கும் இந்த ஆளத் தெரியும். தன் டர்ன் வந்தா, "மச்சி, புத்தகத்துல இதுக்கு ரூல் இல்லதான், ஆனா கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாரேன்"னு கெஞ்சுவான். அதே வேலைய நான் கோப்ளின்ங்கிற ஒரு குட்டி எதிரிப் பூதத்த வெச்சுப் பண்ணா, "எந்தப் பக்கத்துல போட்டிருக்கு, காட்டு"ன்னு ஃபோனத் தூக்குவான். மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம். சகிச்சு சகிச்சு இப்ப எனக்கு முடியல.

சண்டையில என்ன பண்ணாலும் அதுக்குன்னு ஒரு ரூல் எழுதியிருக்கும்னு நினைக்கிறவங்க இந்த விளையாட்டையே புரிஞ்சுக்கல. ஒரு ரவுண்டு 6 செகண்ட். அதுக்குள்ள உன் கேரக்டர் நகரலாம், ஒரு ஆக்‌ஷன் எடுக்கலாம். வெட்டுறது, ஸ்பெல் (மந்திரம்) போடுறது, ஒளியறது எல்லாம் எழுதி வெச்சிருக்கு. மேல தொங்குற சரவிளக்க அறுத்து ஓகர்ங்கிற ராட்சசன் தலையில போடுறது எழுதி வெக்கல. எழுதாதத ஒருத்தர் பண்ண நினைச்சா என்ன செய்யணும்னும் 2014 பிளேயர் புத்தகத்துலயே தெளிவா இருக்கு: அது முடியுமா, முடியும்னா எத உருட்டணும்னு டிஎம் சொல்லணும். அந்த இடத்துல நான் சொல்ற தீர்ப்பு ரூலுக்கு வெளிய நடக்குற விஷயமே இல்ல. ரூல்தான் அந்தப் பொறுப்ப என் தலையில கட்டியிருக்கு.

அந்தப் பொறுப்பு எவ்வளவு கனம்னு யாராவது யோசிச்சிருக்கீங்களா? "கயித்த அம்பால அறுக்குறேன்"னு ஒருத்தன் சொன்ன உடனே என் மண்டைக்குள்ள ஓடுறது இதுதான். கயித்துக்கு ஏசி, அதாவது அடி படுறதுக்கு உருட்ட வேண்டிய எண், 11. சணல் கயிறுன்னா 2 ஹெச்பி, அதாவது உயிர்ப் புள்ளி. அம்பு பட்டா அறுந்துடும். கீழ நிக்கிற ஓகருக்கு டெக்ஸ் (சுறுசுறுப்பு) 8தான், மந்தம். டிசி, அதாவது தப்பிக்க அது உருட்ட வேண்டிய எண், 15 வெச்சா தப்பிக்கிறது கஷ்டம், ஆனா முடியாததும் இல்ல. டேமேஜ்? புத்தக அலமாரி மேல சாஞ்சா 1டி10 (பத்து முகப் பகடை ஒண்ணு), தீக்குழியில தடுக்கி விழுந்தா 2டி10னு டிஎம் கையேட்டுல ஒரு சின்ன அட்டவணை இருக்கு. இது அலமாரியவிட மோசம். 2டி10 வெப்போம், ஓகர் தரையிலயும் சாயட்டும். இத்தனையும் பத்து செகண்டுல, எல்லாரும் என் வாயவே பார்த்துட்டு இருக்கும்போது நடக்கணும்.

சொல்லி முடிக்கல, "அவ்ளோதானா? இவ்ளோ பெரிய விளக்கு விழுந்தா ஓகர் செத்துடாதா?"

சாகாதுடா! ஓகருக்கு சராசரி 59 ஹெச்பி. ஒரு அம்புக்கு அது செத்துட்டா, பக்கத்துல பெரிய வாள வெச்சுக்கிட்டு டர்னுக்கு டர்ன் 2டி6 உருட்டிட்டு இருக்குற ஃபைட்டர் எதுக்கு? இதத்தான் யாரும் யோசிக்கிறதில்ல. ஒருத்தனுக்கு நான் அள்ளிக் கொடுக்குறது இன்னொருத்தன்கிட்ட இருந்து புடுங்குறது. பேட்டில் மாஸ்டர்ங்கிற ஃபைட்டர் வகைய எடுத்த பிளேயர் எதிரியோட ஆயுதத்தத் தட்டிவிடுறதுக்குன்னே தன்னோட நாலு சுப்பீரியாரிட்டி டைஸ்ல (சண்டைத் தந்திரத்துக்குன்னு இருக்குற பகடை) ஒண்ண செலவழிக்கிறான். நீ வந்து "நான் சும்மா கையத் தட்டிவிடுறேன்"னு கேட்டா, நான் சரின்னு தலையாட்டினா, அவன் எதுக்கு அந்த கிளாஸ எடுத்தான்?

கண்ணுல குறி வெக்கிறேன்னு ஒருத்தன் வருவான். ரூல்ல அப்படி உறுப்பு பார்த்து அடிக்கிறதே கிடையாது. சரி, விடலாம்னே வெச்சுக்குவோம். அப்ப நாளைக்கு எட்டு கோப்ளின் வில்லோட நிக்கும்போது அதுங்களும் உன் கண்ணையேதான் குறி பார்க்கும். சம்மதமா? சம்மதமில்ல! இன்னொருத்தன், தண்ணி உண்டாக்குற முதல் லெவல் ஸ்பெல்ல எதிரியோட நுரையீரலுக்குள்ள போடணும்பான். ஸ்பெல்ல திறந்த பாத்திரம்னு இருக்கு. நுரையீரல் திறந்த பாத்திரமாம், வாய் திறந்துதானே இருக்காம். இதே ஸ்பெல்ல எதிரி உன் மேல போட்டா நீ அடுத்த நிமிஷமே புது கேரக்டர் ஷீட் எழுதிட்டு இருப்ப.

ரொம்ப வருஷமா எல்லா நாட்டு டேபிள்லயும் சுத்துற ஒரு வாதம் இருக்கு. ஆயிரக்கணக்குல கிராமத்து ஆளுங்கள வரிசையா நிக்க வெச்சு, எல்லாரும் சமயம் வந்ததும் செய்யத் தயாரா நிக்கிற ரெடி ஆக்‌ஷன் எடுத்து, ஒரு ஈட்டிய கை மாத்தி கை மாத்தி 6 செகண்டுக்குள்ள மைல் கணக்குல கடத்திடலாம், கடைசி ஆள் எறியும்போது அந்த வேகத்துக்கு மலையே பொடியாகும்னு. கவனிச்சுப் பாருங்க. கை மாத்துறப்ப ரூல் வேணும், இயற்பியல் வேண்டாம். டேமேஜ் கணக்குப் பண்றப்ப இயற்பியல் வேணும், ரூல் வேண்டாம். ரூல்படி பார்த்தா எறிஞ்ச ஈட்டிக்கு 1டி6 தான். 2024ல வந்த டிஎம் கையேட்டுல, ரூல் எல்லாம் விளையாடுறதுக்கு, இயற்பியல சொல்றதுக்கு இல்லன்னு தனியா எழுதவே வேண்டியதாப் போச்சு. அந்த அளவுக்கு உயிர எடுத்திருக்காங்க.

என் டேபிள்ல நடந்தத சொல்றேன். எங்க விசர்ட் (மந்திரவாதியா ஆடுறவன்) படிக்கட்டுல கிரீஸ் ஸ்பெல் போட்டான். 10 அடிக்கு 10 அடி வழவழன்னு ஆச்சு, ஏறி வந்த கோப்ளின்கள் வழுக்கி விழுந்துச்சுங்க. அடுத்த டர்ன்ல ஃபயர் போல்ட்ங்கிற நெருப்பு ஸ்பெல்ல விட்டு அதக் கொளுத்துறேன்னான். ஸ்பெல் விவரத்துல எரியும்னும் இல்ல, எரியாதுன்னும் இல்ல. எல்லாரும் குஷியா இருந்தாங்க. சரி, எரியுது, உள்ள இருக்குறதுக்கு 1டி10, ஒரு ரவுண்டுல அணைஞ்சிடும்னேன். ஒரே ஆரவாரம்.

சில வாரம் கழிச்சு ஒரு எதிரி மந்திரவாதி அதே கிரீஸ இவங்க காலடியில போட்டான், அவன் ஆள் ஒருத்தன் தீப்பந்தத்த வீசினான். அதே 1டி10. அதே ஒரு ரவுண்டு. உடனே ஒரு குரல்: "கிரீஸ் எரியும்னு எங்க எழுதியிருக்கு?" கேட்டது யாரு? கொளுத்தினவனேதான்! அன்னைக்கு நீதானே கேட்டன்னு சொன்னா, "அது வேற சிச்சுவேஷன்"ங்கிறான். என்ன வேற? எரிஞ்சது கோப்ளினோட காலு, இப்ப எரியறது உன் காலு, அதுதானே வேற? அப்புறம் ஃபோன்ல நோண்டி, 2024 பதிப்புல எரியாத கிரீஸ்னு எழுதியிருக்கறத எடுத்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டுறான். நாங்க விளையாடுறது 2014 பதிப்பு. கோப்ளின்கள அவன் கொளுத்தினதும் அதே பதிப்புலதான்.

அரை மணி நேரம் போச்சு. அந்த அரை மணி நேரமும் மூலையில புதுசா சேர்ந்த ஒரு பொண்ணு உட்கார்ந்திருந்தா. கிளெரிக், அதாவது காயம் ஆத்துற பூசாரி, ஆடுறா. அடுத்த டர்ன் அவளோடது. ஃபைட்டர் 0 ஹெச்பியில கிடக்குறான், சாகாம இருக்க உருட்டுற டெத் சேவ் ரெண்டு ஃபெயில் ஆகியாச்சு, இன்னொண்ணு போனா ஆளே காலி. அவன எழுப்புற ஹீலிங் வேர்ட் ஸ்பெல் போடுறதுக்கு ஷீட்ல அந்த வரியில விரல வெச்சபடி, நாற்காலி நுனியில இருந்தா. நான் வாரக்கணக்குல மேப் வரைஞ்சு, எதிரிங்கள எழுதி, உசுரக் கொடுத்துத் தயார் பண்றது இப்படி ஒரு டர்னுக்காகத்தான். சண்டை போட்டு முடிச்சு அவ பக்கம் திரும்பினப்ப ஃபோனப் பார்த்துட்டு இருந்தா. "இப்ப என் டர்னா அண்ணா? யாருக்கு என்ன ஆச்சு?"ன்னு கேட்டா. எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு.

உன்னோட 1டி10க்காக அவளோட டர்ன நீ தின்னுட்ட. ஒரு டைஸ், அதிகபட்சம் 10 ஹெச்பி! நீ முழுசா 38 ஹெச்பி வெச்சிருந்த!

அதனால இப்பவே சொல்லிடுறேன். சண்டை நடுவுல நான் சொல்ற தீர்ப்பு அந்த செஷன் முடியற வரைக்கும் நிக்கும். ஒரு வரியில ஆட்சேபம் சொல்லு, நான் கேட்டுக்குறேன், முடிவு சொல்றேன், டைஸ் உருளணும். மிச்சத்த எல்லாரும் கிளம்பினதுக்கு அப்புறம் டீ குடிச்சுக்கிட்டே விடிய விடியப் பேசலாம். உன் வாதம் சரின்னா அடுத்த வாரத்துல இருந்து மாத்திடுறேன். ஆனா எந்தத் தீர்ப்பா இருந்தாலும் ரெண்டு பக்கத்துக்கும் ஒண்ணுதான். கிரீஸ் எரியணுமா வேண்டாமான்னு அடுத்த செஷன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டேபிள்ல ஓட்டுப் போடுவோம், முதல் ஓட்டு அந்தக் கிளெரிக்கோடது.